நான்காம் இடத்துக்கு ஈயப் பதக்கம்: மன்னார்புரத்து உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

ஃபிகர் ஸ்கேட்டிங் விளையாட்டில் ஒரு சீசன் ஜூலை 1-ஆம் தேதி தொடங்கி, மறு ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி முடிகிறது. தனிநபர் பிரிவில் ஆடும் ஒவ்வொருவரும் அந்த ஆண்டுக்கென்று இரண்டே உருப்படிகளைத் தயார் செய்கிறார்கள். ஒன்று 2 நிமிடம் 40 வினாடி நீளும் ஷார்ட் புரோகிராம். மற்றது 4 நிமிட ஃப்ரீ ஸ்கேட். பாட்டும் உடையும் அசைவுகளும் கோடையிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடும். செப்டம்பரில் ஏதோ ஒரு சிறிய அரங்கத்தில் தட்டுத் தடுமாறி ஆடிய அதே உருப்படி, மார்ச்சில் உலகப் போட்டிக்கு வரும்போது பதம் கூடியிருக்கும். ஒரே வர்ணத்தை ஆண்டு முழுக்க ஆடிப் பழகும் பிள்ளை இருக்கும் வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. சீசனைத் தொடர்வது என்றால் அந்த இரண்டு உருப்படிகளோடு எட்டு, ஒன்பது மாதம் கூடவே நடப்பது.

ஸ்கேட்டிங் பூட்ஸின் அடியில் இருக்கும் எஃகுத் தகட்டின் கனம் சுமார் 4 மில்லிமீட்டர். அதன் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் வருமாறு சாணை பிடிக்கிறார்கள். பள்ளத்தின் இரு கரையும் இரண்டு விளிம்புகளாகின்றன. ஆட்டக்காரர் ஏதாவது ஒரு விளிம்பில் சாய்ந்தபடிதான் ஓடுகிறார். தகட்டின் முனையில் ரம்பப் பல் போன்ற பற்கள் உண்டு. சில தாவல்களில் அவற்றைப் பனியில் குத்தி எழும்புகிறார்கள். காலைப் பயிற்சி முடிந்த தளத்தைக் குனிந்து பார்த்தால் விரல்நுனி நுழையும் குழிகள் நூற்றுக்கணக்கில் தெரியும். ஒருவர் வாளியில் ஈரப் பனித்தூள் கொண்டுவந்து ஒவ்வொரு குழியாக அடைத்துக்கொண்டு போவார். தொலைக்காட்சியில் மின்னும் தளத்துக்கு அடியில் அந்தக் குழிகள் எல்லாம் இருக்கின்றன.

ஆறு வகைத் தாவல்களில் ஆக்ஸெல் மட்டும் முன்னோக்கிக் கிளம்புவது. இறங்குவது எப்போதும் பின்னோக்கி என்பதால் அதற்கு அரைச் சுற்று கூடுதல். நாலு சுற்று ஆக்ஸெல் என்றால் உண்மையில் நாலரைச் சுற்று, அதுவும் ஒரு வினாடிக்குள். 2022 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரில், 17 வயது இலியா மாலினின் அதைப் போட்டியில் முதன்முதலாகச் செய்து காட்டினார். அதன் அடிப்படை மதிப்பு 12.5 புள்ளி. நடுவர்கள் ஒவ்வொரு அங்கத்துக்கும் மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை தரம் போட்டு அந்த மதிப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார்கள். கால் சுற்று குறைந்தால்கூட மெதுவாக ஓட்டிப் பார்க்கும் வீடியோவில் மாட்டிக்கொள்ளும்.

அக்டோபரிலும் நவம்பரிலும் ஆறு நாடுகளில் கிராண்ட் பிரீ போட்டிகள் நடக்கும். ஒருவர் அதிகபட்சம் இரண்டில் ஆடலாம். முதல் இடத்துக்கு 15 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 13, மூன்றாம் இடத்துக்கு 11, நான்காம் இடத்துக்கு 9 என்று இறங்கி வரும். அதிகப் புள்ளி எடுத்த ஆறு பேருக்கு டிசம்பரில் இறுதிப் போட்டி. 2025 டிசம்பரில் நகோயாவில் நடந்த இறுதிப் போட்டியில் மாலினின் ஒரே ஃப்ரீ ஸ்கேட்டில் ஏழு நாலு சுற்றுத் தாவல்களை முடித்து 238.24 புள்ளி எடுத்தார். உலகம் அதுவரை பார்க்காத ஆட்டம் அது.

ஜனவரியில் வருவது அமெரிக்கத் தேசியப் போட்டி. திருச்சி மன்னார்புரத்து உறவுகள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். அந்தப் போட்டியின் பரிசு மேடையில் நாலு பேர் நிற்கிறார்கள். தங்கம், வெள்ளி, வெண்கலம், அதற்கடுத்து நான்காமவருக்கு பியூட்டர் பதக்கம். பியூட்டர் என்பது வெள்ளீயம் பெரும்பங்காகக் கலந்த உலோகம். நம் வீட்டு ஈயச்சொம்பும் அதே வெள்ளீயம்தான். 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால் சொம்பு அடுப்பில் இருக்கையில் ரசம் வற்றாமல் பாட்டிமார் பக்கத்திலேயே நிற்பார்கள். சட்டென்று உருகும் அந்த உலோகத்தை நான்காம் இடத்துக்கென்று எடுத்துவைத்த நாட்டைப் பற்றி ஊரில் எத்தனையோ குறை சொல்லலாம். இந்த ஒன்றுக்காக அதைக் கும்பிட வேண்டும்.

மாக்சிம் நௌமோவ் என்ற ஆட்டக்காரர் 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு அந்த ஈயப் பதக்கத்தை வாங்கினார். அவருடைய தாய் எவ்கேனியா ஷிஷ்கோவா, தந்தை வாதிம் நௌமோவ் இருவரும் ஜோடிப் பிரிவில் 1994 உலகச் சாம்பியன்கள். பாஸ்டன் பகுதியில் பயிற்சியாளர்களாக இருந்தவர்கள். 2025 ஜனவரியில் விச்சிட்டா நகரில் தேசியப் போட்டி முடிந்து மகன் முன்பே ஊர் திரும்பிவிட்டார். பெற்றோர் பின்னால் ஏறிய விமானம் ஜனவரி 29 இரவு வாஷிங்டனில் இறங்கும் நேரத்தில் ராணுவ ஹெலிகாப்டருடன் மோதி பொடோமாக் ஆற்றில் விழுந்தது. 67 பேர் இறந்தார்கள். அவர்களில் 28 பேர் ஸ்கேட்டிங் உலகைச் சேர்ந்தவர்கள், பலர் சின்னஞ்சிறு பிள்ளைகள். அந்த வாரம் பாஸ்டன் பக்கத்து ஸ்கேட்டிங் தளங்களின் வாசலில் பூவும் பொம்மையும் குவிந்து கிடந்தன.

ஓராண்டு கழித்து, 2026 ஜனவரியில், செயின்ட் லூயிஸ் நகரில் நௌமோவ் மூன்றாவதாக வந்தார். புள்ளிக்காகக் காத்திருக்கும் பெஞ்சில், பெற்றோருடன் தாம் சிறுவனாக இருக்கும் பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். மாலினின், ஆண்ட்ரூ டோர்காஷெவ் இருவரோடும் ஒலிம்பிக் அணியில் அவர் பெயரும் வந்தது. மூன்று ஈயப் பதக்கங்களையும் அந்த இரவையும் அறிந்தவர்களுக்கு அந்தப் பெஞ்சு என்னவாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பதக்கப் பட்டியலை மட்டும் படிப்பவருக்கு அங்கே ஒரு வெண்கலம்தான் தெரியும்.

ஒலிம்பிக் அணியில் அந்த மூன்றாவது இடம் அமெரிக்காவுக்கு எப்படி வந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. ஒரு நாடு அதிகபட்சம் மூன்று ஆண் ஆட்டக்காரர்களைத்தான் ஒலிம்பிக்குக்கு அனுப்ப முடியும். மூன்று பேரை அனுப்ப, முந்தைய ஆண்டு உலகப் போட்டியில் அந்நாட்டின் சிறந்த இருவர் பிடித்த இடங்களைக் கூட்டினால் 13-ஐத் தாண்டக் கூடாது. 2025 மார்ச்சில் பாஸ்டனில் மாலினின் முதலாவது, ஜேசன் பிரவுன் எட்டாவது, கூட்டினால் 9. மூன்றாமவரும் முதல் 24 பேருக்குள் வந்து ஃப்ரீ ஸ்கேட் ஆடியிருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. டோர்காஷெவ் 22-ஆவதாக வந்தார். அது போதுமானதாக இருந்தது. 2021 ஸ்டாக்ஹோம் உலகப் போட்டியில் அமெரிக்காவின் வின்சென்ட் சூ அந்தக் கோட்டைத் தாண்டாததால், அணியின் மூன்றாம் இடத்துக்காக அவரே பின்னர் ஜெர்மனியில் இன்னொரு தகுதிப் போட்டி ஆட வேண்டிவந்தது. ஆக, ஓர் எட்டாம் இடமும் ஓர் இருபத்திரண்டாம் இடமும் சேர்ந்து நௌமோவுக்குக் கதவைத் திறந்துவைத்தன. எட்டாவதாக வந்து திறந்தவரான பிரவுன், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நாலு சுற்றுத் தாவலே இல்லாமல் ஆறாம் இடம் பிடித்தவர், இந்த முறை அணியில் இடம் பெறவில்லை. அவர் சறுக்கும் அழகுக்காகவே பத்தாண்டுக்கு மேலாக டிக்கெட் வாங்கியவர்கள் அமெரிக்காவில் ஏராளம்.

2026 பிப்ரவரியில் மிலான் ஒலிம்பிக்கில் குழுப் போட்டித் தங்கம் அமெரிக்காவுக்குக் கிடைத்தது. மாலினினும் அதில் ஆடினார். தனிநபர் பிரிவின் ஷார்ட் புரோகிராமிலும் அவரே முதல். பிப்ரவரி 13 அன்று ஃப்ரீ ஸ்கேட்டில் எல்லாம் குலைந்தது. நாலரைச் சுற்று போட வேண்டிய இடத்தில் ஆக்ஸெல் ஒற்றையாகச் சுருங்கியது. இரண்டு முறை விழுந்தார். தங்கம் கஜகஸ்தானின் மிகைல் ஷைடோரோவுக்குப் போனது. 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபர் போட்டி எதிலும் தோற்காதவர் எட்டாவதாக வந்து, வென்றவரை வாழ்த்திவிட்டு வெளியேறினார்.

இந்திய நேரப்படி அது பின்னிரவு. விடிந்ததும் மன்னார்புரத்து வீடொன்றின் கூடத்தில் அந்த ஆட்டம் கைபேசியில் ஓடியது. இம்மடலை எழுதுபவர் பாஸ்டன் பக்கம் குடியேறி 22 ஆண்டுகள் ஆனவர். இரண்டு வார விடுப்பில் வந்தவர், கண் கலங்கி அதைக் காட்டினார். "எத்தனாவதாம்?" என்று ஒரு கேள்வி வந்தது. எட்டாவது என்றதும், "அவ்வளவுதானா, இதுக்கா தூங்காம இருந்தே?" என்று கைபேசி திரும்பி வந்துவிட்டது. பக்கத்தில் பிளஸ் டூ படிக்கும் பையன் தட்டில் இருந்த இட்லியைப் பிட்டபடியே வாயில் வைக்காமல் இருந்தான். திருப்புதல் தேர்வைப் பற்றி அவனிடம் முந்தின நாள்தான் அதே கேள்வி கேட்கப்பட்டிருந்தது. கேட்டவர் இரண்டு இடத்திலும் ஒருவரே. பெயர் இங்கே வேண்டாம். அவர் பாசக்காரர், ஊரே கேட்பதைத்தான் அவரும் கேட்டார்.

அந்த ஒற்றைக் கேள்விதான் ஊரைக் கெடுத்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். தோன்றட்டும். லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் 2014 இஞ்சியான் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் வாங்கியது திருச்சிக்குத் தெரியும். 2021 ஆகஸ்ட் 6 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் முகமது அனஸ், நோவா நிர்மல் டாம், அமோஜ் ஜேக்கப் ஆகியோருடன் அவர் ஓடிய 4x400 தொடர் ஓட்டம் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 3 நிமிடம் 00.25 வினாடி, அன்றைக்கு ஆசியச் சாதனை. தகுதிச் சுற்றில் நான்காவது, மொத்தத்தில் ஒன்பதாவது, இறுதிக்கு எட்டு அணிகள்தான். ஆசியாவே அதுவரை ஓடாத வேகத்தில் ஓடிய கால்களை "நாலாவது" என்ற ஒரு சொல் அழித்துவிட்டது. இரண்டே ஆண்டில், 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில், அந்த நேரம் 2 நிமிடம் 59.05 வினாடியாக இறங்கியது. கடைசிச் சுற்று ஓடியவர் திருச்சியில் ரயில்வே டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்த ராஜேஷ் ரமேஷ். இறுதியில் இந்தியா ஐந்தாவது. முதல் ஓட்டம் இல்லாமல் அடுத்தது வந்திருக்காது. சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவில் ரோலர் வேகச் சறுக்கில் 1000 மீட்டர் உலகத் தங்கம் வென்றபோது திடீரென்று எல்லோருக்கும் பெயர் தெரிந்தது. 2021-இல் கொலம்பியாவில் ஜூனியர் வெள்ளி, 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தொடர் ஓட்ட வெண்கலம் என்று அவர் நடந்துவந்த வழியில் கூட நின்றவர்கள் எத்தனை பேர்?

பள்ளியிலும் தெருவிலும் முதலாவதாக வந்தவர்களை ஊர் மாலை போட்டு விமானம் ஏற்றியது. இதை எழுதுபவரும் அப்படி ஏறியவர்; அங்கே வீடும் பதவியும் நன்றாகவே அமைந்தன, அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய தாயாரை மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறவர், மழைக்காலத்தில் மாடித் தண்ணீர்க் குழாயின் அடைப்பை எடுத்துவிடுகிறவர், மூன்றாம் வீட்டு அண்ணன். 1991 பொங்கலுக்குத் தெருவில் வைத்த ஓட்டப் பந்தயத்தில் அவர் நான்காவதாக வந்தார். முதல் மூன்று பேருக்கு எவர்சில்வர் டப்பா கிடைத்தது. அந்த மூவரும் இன்று மன்னார்புரத்தில் இல்லை. டப்பாக்களில் ஒன்று பாஸ்டன் பக்கத்து அடுக்களையில் மிளகாய்த்தூள் வைக்கும் டப்பாவாக இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இதை அறிவுரையாகக் கொள்ள வேண்டாம், அறிவுரை சொல்லும் இடத்தில் கிளம்பிப் போனவர் இல்லை. வருகிற பொங்கல் விளையாட்டில் சாக்கு ஓட்டம், கயிறு இழுப்பது, உறியடி, சின்னப் பிள்ளைகளின் எலுமிச்சை ஸ்பூன் உட்பட எல்லாப் போட்டிக்கும் நான்காம் பரிசு ஒன்று இருக்கட்டும். பரிசாகச் சின்ன ஈயச்சொம்பு வாங்கலாம், பெரிய கடை வீதியில் கிடைக்கும். செலவு முழுதும் இதை எழுதுபவருடையது. பணம் டிசம்பருக்குள் வந்துசேரும். முதல் சொம்பை மூன்றாம் வீட்டு அண்ணனிடம் கொடுத்துவிட்டு மற்றவற்றைத் தொடங்க வேண்டும். ரசம் வைக்கும்போது அடுப்பைச் சின்னதாக வைக்கச் சொல்லியும் கொடுக்க வேண்டும்.