பத்தரை மணிக்குத் திறக்கும் சந்தை

அமெரிக்கப் பங்குச்சந்தை நமக்கு இரவு பத்தரை மணிக்குத் திறக்கிறது, அதிகாலை ஐந்துக்கு மூடுகிறது. மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிவிட்டால் எல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடும். காலை நிகழ்ச்சி படைப்பவள் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி. நான் நிலையத்துக்குள் நுழையும்போது நியூயார்க்கில் கடையைச் சாத்தியிருப்பார்கள். விடிய விடிய கைப்பேசியைப் பார்த்துவிட்டுக் காப்பிக்கடைக்கு வரும் இளைஞர்களின் கண்களை இப்போது தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்கிறேன்.

அவர்களில் பாதிப் பேராவது பேசுவது என்விடியாவைப் பற்றித்தான். செயற்கை நுண்ணறிவுக்கான சில்லுகளை வடிவமைக்கும் அந்த நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் ஐந்து, ஆறு விழுக்காடு ஏறும், இறங்கும். நீண்ட நாள் வைத்திருப்பவருக்கு அது வயிற்றெரிச்சல். இன்று வாங்கி நாளை விற்பவருக்கு அதுதான் தீனி.

என் சித்தப்பா மகனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். இருபத்தெட்டு வயது, தளவாட நிறுவனத்தில் வேலை. வரும் ஆண்டில் பிடிஓ வீட்டுச் சாவி கைக்கு வருகிறது. வீட்டுப் புதுப்பிப்புக்கென்று அவனும் அவன் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணும் சேர்த்து வைத்திருந்தது 38,000 வெள்ளி. அந்தப் பணத்தையும் என்விடியாவில் இறக்கினால் என்ன என்று போன மாதம் என்னிடம் கேட்டான். “அக்கா, இது சூதாட்டம் இல்ல. சார்ட் பார்த்துத்தான் வாங்குறேன். பத்துக்கு ஏழு தடவ நான்தான் ஜெயிக்கிறேன்.”

அவன் சொன்னது பொய்யில்லை. செயலியில் 2025ஆம் ஆண்டுக் கணக்கை இறக்கி இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். மொத்தம் 60 முறை வாங்கி விற்றிருக்கிறான். அதில் 43 முறை லாபம், சராசரியாக 45 டாலர். மீதி 17 முறை நஷ்டம், சராசரியாக 190 டாலர். கூட்டினால் 1,935 டாலர் வரவு, 3,230 டாலர் செலவு. பத்துக்கு ஏழு ஜெயித்தவன் ஆண்டு முடிவில் 1,295 டாலர் பின்னால் நின்றான். கட்டணமும் நாணய மாற்றில் போனதும் தனி.

கொஞ்சம் ஏறியதும் கை பரபரக்க விற்பது, இறங்கினால் ‘திரும்பி வரும்’ என்று பிடித்துத் தொங்குவது. இந்தக் குணத்துக்கு 1985லேயே ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெயர் ஸ்டாட்மன் என்ற இரு பேராசிரியர்கள் பெயர் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பே நம் பாட்டிகளுக்குத் தெரிந்திருக்கும், ஏலச்சீட்டு எடுத்தவர்களைப் பார்த்தே.

“அதான் ஸ்டாப் லாஸ் போடறேனே” என்றான். குறிப்பிட்ட விலைக்குக் கீழே போனால் தானாக விற்றுவிடும் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது விலைக்கு உத்தரவாதம் தருவதில்லை. 2025 சீனப் புத்தாண்டுக்கு முந்திய திங்கட்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 27. சீனாவின் டீப்சீக் குறைந்த செலவில் ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியை உருவாக்கிவிட்டது என்ற பேச்சு வார இறுதி முழுக்க ஓடியது. வெள்ளிக்கிழமை 142 டாலருக்கு மேல் முடிந்த என்விடியா, திங்கள் இரவு திறந்ததே 125ஐ ஒட்டி. இடையில் 140, 135, 130 என்ற விலைகளே சந்தை நேரத்தில் வரவில்லை. 135இல் விற்றுவிடும் என்று நம்பித் தூங்கியவனின் பங்கு 125க்குத்தான் போயிற்று. அன்று பங்கு 17 விழுக்காடு சரிந்தது, நிறுவனத்தின் சந்தை மதிப்பில் ஏறக்குறைய 589 பில்லியன் டாலர் கரைந்தது. அமெரிக்கச் சந்தை வரலாற்றில் எந்த நிறுவனமும் அதற்கு முன் ஒரே நாளில் அவ்வளவு இழந்ததில்லை. மறுநாளே ஒன்பது விழுக்காடு அளவுக்கு ஏறியது என்பது வேறு கதை.

ஏப்ரல் இன்னும் மோசம். வரி அறிவிப்பு வருவதற்குமுன் 110 டாலரில் வாங்கியவன், சரிவைத் தாங்க முடியாமல் 8ஆம் தேதி 96இல் விற்றான். அடுத்த நாள் அதிபர் டிரம்ப் பெரும்பாலான நாடுகளுக்கான வரியை 90 நாளைக்கு நிறுத்தி வைத்தார். நமக்கு அப்போது நள்ளிரவு ஒரு மணி தாண்டியிருந்தது. அன்றைய வர்த்தகம் முடிவதற்குள் என்விடியா 18 விழுக்காட்டுக்கு மேல் எகிறி 114ஐத் தொட்டது. எந்தச் சார்ட்டில் அது வரைந்திருந்தது?

செய்தி வாசிக்கும் தொழிலில் இருப்பதால் ஒன்று சொல்வேன். ‘இந்தக் காரணத்தால் பங்கு சரிந்தது’ என்று நாங்கள் வாசிக்கும் வரியில் அந்தக் காரணம் பெரும்பாலும் சரிந்த பிறகு தேடிப் பிடித்தது. காரணம் இல்லாத செய்தி அரைகுறையாகத் தெரியுமே! 2024 ஆகஸ்ட் இறுதியில் என்விடியா காலாண்டு வருமானம் 30 பில்லியன் டாலர் என்று அறிவித்தது. முந்திய ஆண்டைவிட 122 விழுக்காடு அதிகம். நிபுணர்கள் எதிர்பார்த்ததையும் மிஞ்சியது. மறுநாள் பங்கு ஆறு விழுக்காட்டுக்கு மேல் இறங்கியது. முடிவைச் சரியாக ஊகித்தவரும் அன்று பணத்தை இழந்திருப்பார்.

இன்னும் வேகம் வேண்டும் என்பவர்களுக்கு, தினசரி ஏற்ற இறக்கத்தை இரு மடங்காக்கித் தரும் நிதிகளும் விற்கிறார்கள். 100 டாலர் வைத்திருந்தால் 17 விழுக்காடு இறங்கி, பிறகு 9 விழுக்காடு ஏறும்போது 90 டாலர் 47 காசு கையில் இருக்கும். இரு மடங்கில் அதே 100 முதலில் 66 ஆகி, பின்பு 78கூட ஆகாது. இதைத் தம்பிக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனைப் போன்றவர்கள் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்பதும் எண்ணப்பட்டதுதான். தைவானில் 1992 முதல் 2006 வரை நடந்த வர்த்தகத்தை ஆராய்ந்தவர்கள், தினசரி வாங்கி விற்போரில் கட்டணம் போக நிலையாக லாபம் காணக்கூடியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று கண்டார்கள். அமெரிக்காவில் 66,000க்கு மேற்பட்ட குடும்பங்களின் கணக்குகளை 1991 முதல் 1996 வரை பார்த்த ஆய்வில், அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 11.4 விழுக்காடு. சந்தை தந்ததோ 17.9.

தம்பி 60 முறை அலைந்த அதே 2025இல் என்விடியா மொத்தத்தில் சுமார் 39 விழுக்காடு ஏறியிருக்கிறது. வாங்கிப்போட்டுத் தூங்கியிருக்கலாம் என்று நான் வாதாட வரவில்லை. இதே பங்கு 2022இல் பாதியாகக் குறைந்தது. வரும் ஆண்டில் சமையலறை கட்ட வேண்டிய பணத்துக்கு அந்தப் பொறுமையும் கட்டுப்படியாகாது.

அவன் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். “சம்பளத்த மட்டும் நம்பினா எப்பக்கா முன்னேறுறது?” என்று கேட்டபோது என்னிடம் சட்டென்று பதில் இல்லை. கிரானிட் கல்லின் விலையும் தச்சர் கூலியும் எனக்கும் தெரியும். பேராசை என்று சொல்லி அந்தக் கேள்வியைத் தள்ளிவிடுகிற பெரியவர்கள் மலிவு விலையில் வீடு வாங்கிய தலைமுறை.

கடைசியில் விஷயத்தை முடித்தது அந்தப் பெண். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவள், அந்த 60 வர்த்தகத் தாளையும் என் காகிதத்தையும் பார்த்தாள். “அலமாரிக்கு முன்பணம் கட்டணும்ல, அது எந்தக் கணக்குல இருக்கு?” என்று மட்டும் கேட்டாள். மறுநாள் 35,000 வெள்ளி இருவர் பெயரிலும் உள்ள வைப்புத்தொகைக்குப் போயிற்று. மூவாயிரத்தை வைத்துக்கொண்டு என்னத்தைச் செய்வது என்று அவன் முணுமுணுத்தான். “நாலாயிரமாக்கிக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்” என்றாள்.