ஓய்வு நாள் பக்கம்: கோல்ட் கோஸ்ற் கடற்கரை



பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று பலர் கேட்கிறார்கள். பிறிஸ்பேனுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு நான் சொல்வது கோல்ட் கோஸ்ற். கார் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். ரெயினில் ஹெலன்ஸ்வேலில் இறங்கினால் பக்கத்திலேயே ட்ராம். அது சவுத்போட், சேர்ஃபர்ஸ் பரடைஸ் வழியாகப் போகும். குயின்ஸ்லாந்தில் 2024 ஆகஸ்ற்றில் இருந்து பொதுப் போக்குவரத்துக்கு ஒரு பயணம் 50 சதம்தான். பரீட்சார்த்தமாகத் தொடங்கியதை 2025 இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

கிறிஸ்மஸ் நேரம் போகாதீர்கள். தொழிற்சாலை மூடுவது அப்போதுதான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அறை வாடகை ஏறுவதும் அப்போதுதான், புழுக்கமும் இடிமழையும் வேறு. யூன், யூலையில் போனால் பகலில் 21 பாகை அளவில் இருக்கும், பெயர்தான் குளிர்காலம். அந்த மாதங்களில் திமிங்கிலங்கள் அந்தாட்டிக்காப் பக்கமிருந்து குட்டி போட வடக்கே போகின்றன. பேர்லி ஹெட்ஸ் முனையில் உயரமான இடத்தில் பொறுமையாக நின்றால் அவை நீர் பீச்சுவதைக் கரையிலிருந்தே காணலாம். அதற்குக் காசு இல்லை.

இனிக் கடலைப் பற்றி. “கடல் எங்களுக்குத் தெரியாததா?” என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். காரைநகர் கசூரினாவில் எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. இது பசுபிக் சமுத்திரம் நேரே வந்து மோதும் கரை. அலைகள் கரைக்குத் தள்ளும் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வாய்க்கால் தேடும். அதைத்தான் ‘ரிப்’ என்கிறார்கள். அந்த இடத்தில் அலை உடையாது, தண்ணீர் கருமையாக, அமைதியாகத் தெரியும். நாங்கள் பயந்து பயந்து, அலை இல்லாத இடம் பார்த்துத்தானே பிள்ளையை இறக்குவோம்? அதுதான் ஆபத்தான இடம்.

சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகள் நட்டிருப்பார்கள். அவற்றுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். மாலையில் கொடியை எடுத்துவிட்டால் கரையேறிவிடுங்கள். நீரோட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்த வேண்டாம், களைத்துவிடுவீர்கள். மிதந்துகொண்டு கையை உயர்த்துங்கள், காவலர் வருவார். கரையில் நிற்பவர் பின்னால் குதிக்காமல் காவலரைக் கூப்பிட வேண்டும். காவலர் இல்லாவிட்டால் 000. சேலை, சல்வாரோடு கடலில் இறங்குவதும் வேண்டாம், நனைந்தால் துணியே கீழே இழுக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ரலபட்ஜரா கழிமுகம் நல்லது. பெரிய அலை இல்லை, ஆனால் வற்று வெள்ளம் இழுக்கும், கைக்கெட்டும் தூரத்தில் நில்லுங்கள்.

நீலக் குமிழ் போல ஒன்று கரையொதுங்கிக் கிடக்கும். ‘புளூபொட்டில்’ என்பார்கள். செத்துக் கிடந்தாலும் சுடும். அதற்கு வினாகிரி ஊற்றக் கூடாது, அது வடக்கே வெப்பக் கடலில் உள்ள பெட்டிச் சொறிக்குத்தான். இதற்கு, தோல் தாங்கும் அளவு சுடுதண்ணீரில் 20 நிமிடம் வைக்க வேண்டும்.

நண்டு பிடிக்க ஆசைப்படுவோருக்கும் ஒரு சொல். குயின்ஸ்லாந்தில் கடல் மீன்பிடிக்குப் பொழுதுபோக்காளருக்கு அனுமதிச்சீட்டு வேண்டியதில்லை, ஆனால் சேற்று நண்டில் பெட்டையை வைத்திருக்கக் கூடாது. வயிற்று மூடி அகலமாக இருந்தால் பெட்டை. ஆண் நண்டும் ஓடு 15 சென்ரிமீற்றர் அகலம் வேண்டும். குறைந்தால் தண்ணீரிலேயே விடுங்கள். கறிச்சட்டியை நினைத்துத் தண்டம் கட்டாதீர்கள்.

பெரிய விளையாட்டுப் பூங்காக்களுக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் வாசலிலேயே போய்விடும். அதைவிடக் கரம்பின் சரணாலயத்தில் கிளிகளைப் பார்க்கலாம். 1947 இல் அலெக்ஸ் கிரிஃபித்ஸ் என்ற பூந்தோட்டக்காரர், தன் பூக்களைக் கிளிகள் அழிக்காமல் இருக்கட்டும் என்று அவற்றுக்குத் தீனி வைக்கத் தொடங்கினார். பிறகு தீனி பார்க்கவே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்! கையில் தட்டைப் பிடித்தால் தலையில், தோளில் எல்லாம் வந்து குந்தும்.

சாப்பாட்டுக்குக் கடையைத் தேட வேண்டாம். கடற்கரைப் பூங்காக்களில் மின்சார அடுப்புகள் இலவசம். வீட்டிலேயே கோழியை மசாலா பிரட்டி எடுத்துப் போங்கள். சுட்டு முடிந்ததும் தட்டைத் துடைத்துவிடுங்கள், அடுத்த குடும்பம் காத்து நிற்கும்.

கார் உள்ள நண்பர் கிடைத்தால் ஸ்பிறிங்புறூக் காட்டில் நச்சுறல் பிறிட்ஜ் குகைக்கு இரவில் போங்கள். கூரை முழுக்க ஒளிப்புழுக்கள் வானம் போல மினுங்கும். பாதைக்கு ரோர்ச் வேண்டும், ஆனால் குகைக்குள் புழுக்கள் மேல் வெளிச்சம் பிடித்தால் அவை அணைந்துவிடும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.