சோதனையில் தேறிய தவறு

இனி நிரலை நாம் எழுதவே வேண்டாம் என்கிறார்கள். யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு யார் என்ன உறவு, எது கட்டாயம் என்பதை ஒரு மாதிரியாக வரைந்து கொடுத்தால் போதுமாம். கருவியே நிரலை எழுதும். சோதனைகளையும் அதே மாதிரியிலிருந்து அதுவே உருவாக்கும். இது புதிதல்ல. புனேயில் டாடா 1981இல் தொடங்கிய ஆய்வு மையத்தின் மாஸ்டர்கிராஃப்ட் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்த வேலைதான். நேரம் மிச்சமாகிறது, கைப்பிழை குறைகிறது. மறுக்கவில்லை. ஆனால் அந்த மாதிரியை வரைவது யார்?

'தந்தை பெயர் கட்டாயம்' என்று மாதிரியில் ஒரு கோடு விழுந்தால் அது திரை, தரவுத்தளம், அச்சுப் படிவம் என எல்லாவற்றிலும் இறங்கும். முத்தியால்பேட்டையின் ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில், தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண் விண்ணப்பம் போட உட்கார்ந்தால், சிவப்பு எழுத்து அவளை நிறுத்தும். கணினி பழுதாகவில்லை. சொன்னதைச் செய்கிறது.

சோதனை இதைப் பிடிக்காதா? பிடிக்காது. மாதிரியிலிருந்தே பிறந்த சோதனை, தந்தை பெயர் இல்லாத படிவம் மறுக்கப்படுகிறதா என்றுதான் பார்க்கும். மறுக்கப்பட்டதும் 'தேறியது' என்று பச்சை விளக்கு எரியும். பஞ்சாயத்தின் மேல் வந்த புகாரை அந்தப் பஞ்சாயத்தே விசாரிப்பதைப் போன்றது இது. நிரல் மாதிரிக்குப் பொருந்துகிறதா என்பதை மட்டுமே அது சொல்லும். மாதிரி நம் வாழ்க்கைக்குப் பொருந்துகிறதா என்று அதற்குத் தெரியாது.

தாய் மட்டுமே பெற்றோர் என்றால் பான் அட்டைக்குத் தந்தை பெயர் தேவையில்லை என்ற விதி 2018 டிசம்பர் 5இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதைக் கேட்டு வாங்கியவர்கள் மனிதர்கள், கருவி அல்ல.

'மாதிரியில் ஒரு கோட்டை மாற்றினால் எல்லாமே மாறிவிடுமே' என்பார்கள். உண்மைதான். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் அட்டைக்கு வீட்டின் 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணே குடும்பத் தலைவர் என்றது. தலைவர் என்றால் ஆண் என்ற பழைய கோட்டை அழித்தும் வரையலாம் என்பதற்கு அதுவே சாட்சி. அதனால்தான் பேனா யார் கையில் என்று கேட்கிறோம்.

டெஸ்டிங் பெண்களுக்கு ஏற்ற வேலை என்று நம்மை அங்கே உட்கார வைத்தார்கள். இப்போது அதையும் கருவியிடம் கொடுக்கிறார்கள். கணினி படிக்கும் தோழிகளே, மாதிரி வரையும் மேசையில் இடம் கேளுங்கள். படிவம் திருப்பி அனுப்பிய பெண்களிடம் கேட்டு, மாதிரிக்கு வெளியிலிருந்து சோதனைகளை எழுதுங்கள். அவற்றில் தேறாத மென்பொருளுக்குப் பச்சை விளக்கு எரியக் கூடாது.