குறுக்கே நீளும் கை

கொல்லிமலை என்றதும் இலக்கிய வாசகர்களாகிய நமக்கு வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையுமே நினைவுக்கு வருகின்றனர். மலையில் குடியிருப்போருக்கோ நாயின்றிப் பொழுது கழியாது. மரவள்ளியையும் சாமையையும் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க இரவெல்லாம் குரைப்பது அதுதான். ஞமலி என்றும் ஞாளி என்றும் சங்கப் புலவர்கள் வேட்டுவரோடு சேர்த்துப் பாடிய உயிர். அந்த நாய்கள் தமக்குள் கடித்துக்கொள்ளும்போது என்ன செய்வது என்பது பற்றித்தான் நம்மிடையே பேச்சே இல்லை.

பெரும்பாலும் தடியெடுத்து அடிக்கிறோம். அல்லது நம் நாயின் கழுத்தைப் பற்றி இழுக்கிறோம். இரண்டும் தவறு. அடியின் வலி வெறியைக் கூட்டும், பிடி இறுகும். பல் பதிந்திருக்கையில் இழுத்தால் சதை கிழியும். கழுத்தருகே நீளும் கை யாருடையது என்று அந்நேரத்தில் நாய் பார்ப்பதில்லை. சோறிட்ட கையாயினும் கடிபடும். நாயின் நன்றி குறித்து நாம் எழுதிக் குவித்த கதைகள் இவ்விடத்தில் உதவமாட்டா.

கையைத் தொலைவில் வைத்துக்கொண்டே செய்யத்தக்கவை உண்டு. குடத்து நீரை முகத்தில் வீசலாம். தகரத்தைத் தட்டிப் பேரொலி எழுப்பலாம். கம்பளியையோ சாக்கையோ மேலே எறியலாம். நடுவே பலகையைச் செருகலாம். எதற்கும் மசியாவிடில், இருவர் இருந்தால் மட்டும், ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தொடையருகே பற்றி ஒரே நேரத்தில் பின்னோக்கி நகரலாம். தனியொருவர் இதைச் செய்தால், தூக்கப்பட்ட நாய் மற்றதன் வாய்க்கு இரையாகிவிடும். பிரித்தபின் ஒன்றையொன்று காணாத இடத்தில் கட்டிவைக்க வேண்டும்.

கடிபட்ட கையோடு காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். புறப்படுமுன் சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுவது இன்றியமையாதது. மஞ்சளோ சுண்ணாம்போ அப்புதல் கூடாது. வளர்ப்பு நாய்தானே என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடுவோரும் உளர். அதன் வாயிலும் மேனியிலும் ஒட்டியிருப்பது எதிர்நாயின் எச்சிலாகவும் இருக்கலாம். ரேபிஸின் அறிகுறிகள் தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது.

இனி, சண்டையைத் தொடங்கிவைப்பவர் யார்? சுற்றுலா வருவோர் உண்டு எறியும் பொட்டலங்களுக்கு முதற்பங்கு உண்டென்பது எங்கள் கருத்து. ஒரு பிடி பிரியாணிக்கு நான்கு நாய்கள் கூடினால் வேறென்ன நிகழும்? நகரத்திலிருந்து அழைத்துவந்த நாயை ஊர்த்தெருவில் அவிழ்த்துவிடுவோர் அடுத்த பங்காளிகள். 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களுக்கு உணவிடும் இடம் சிறுவர் விளையாடும் இடங்களுக்கும் வீட்டு வாசல்களுக்கும் விலகியிருக்க வேண்டும் என்கின்றன; கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. அன்னிய நாய் எல்லைக்குள் நுழைந்தாலே சண்டைதான் என்பதை அறிந்தோர்க்கு இதன் நியாயம் விளங்கும். வேடிக்கைக்காக நாய்களை மோதவிடுவதோ 1960ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம்.

உறுமல் கேட்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. உடல் விறைத்து, பிடரி மயிர் சிலிர்த்து, எதிர்நாயைக் கண்கொட்டாமல் வெறித்து நிற்கும் சில நொடிகள் முன்னதாகவே வாய்க்கின்றன. அப்போது பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு வேறு வழியே நடந்துவிடலாம்.