பொருந்தினால் போதுமா?

போன வாரம் மாமல்லபுரத்துக்கு வடக்கே தேவனேரிக் கரையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு தம்பி பைபர் படகு இஞ்சினுக்கு வேறொரு இஞ்சினின் புரொப்பல்லரை மாட்டிக்கொண்டிருந்தான். துளை கொஞ்சம் பெரிது. டின் தகட்டை வெட்டி ஷாஃப்டில் சுற்றி, சுத்தியலால் தட்டி ஏற்றிவிட்டான். "உக்காந்துடுச்சு ஐயா, போதும்" என்றான்.

அந்த "போதும்" என்ற சொல்தான் என்னை இதை எழுத வைத்தது.

நான் மீனம்பாக்கத்தில் சின்ன விமானங்களுக்கு ஸ்பேனர் பிடித்தவன். அந்தக் காலத்தில் பறக்கும் கழகங்களில் புஷ்பக் விமானம் உண்டு. பெங்களூர் எச்.ஏ.எல். செய்தது, 1958-ல் முதலில் பறந்தது. இருவர் உட்காரலாம். அதன் கான்டினென்டல் இஞ்சினின் பெயர் சி90-8எஃப். கடைசியில் உள்ள 'எஃப்' எழுத்துக்குப் பொருள், கிராங்க் ஷாஃப்டின் முனையில் தட்டையான ஃபிளாஞ்ச் இருக்கிறது என்பது. புரொப்பல்லரை அதன் மேல் வைத்து ஆறு போல்ட்டால் இறுக்க வேண்டும். அதே கம்பெனியின் ஏ65-8 இஞ்சினுக்கு அந்த எழுத்து கிடையாது. அதன் ஷாஃப்ட் முனை கூம்பாகச் சரிந்திருக்கும். தனி ஹப்பை அதில் செருகி, கீ வைத்து, பெரிய நட்டால் இறுக்க வேண்டும். நீல மை தடவி ஏற்றிக் கழற்றிப் பார்த்தால், கூம்பில் குறைந்தது 70 சதவீதம் தொட்டிருக்க வேண்டும். டகோட்டா மாதிரிப் பெரிய விமானங்களில் பல் வெட்டிய ஷாஃப்ட். ஒன்றுக்கானது இன்னொன்றுக்கு ஆகாது.

முன்னால் இருக்கும் மூக்குத்தொப்பிக்கும், அதாவது ஸ்பின்னருக்கும், இதே கதைதான். ஃபிளாஞ்ச் வகையில் அதன் பின்தகடு புரொப்பல்லருக்குப் பின்னால் சேர்ந்தே இறுகும்.

நான் கற்றுக்குட்டியாக இருந்தபோது ஒரு விமானத்தில் அந்தத் தகடு விரிசல் விட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, பழைய போல்ட்டுகளையே போட்டு மாட்டினேன். டார்க் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டியது. விமானம் ஒரு சுற்றுப் பறந்து வந்தது. பெரியவர் ஒருவர் புரொப்பல்லரைக் கழற்றச் சொன்னார். துளைகளைச் சுற்றி மரம் பழுப்பாகக் கருகியிருந்தது. தகட்டின் கனம் போனதால் போல்ட்டு நீளமாகிவிட்டது. நட்டு மரையின் கடைசியில் முட்டி நின்றதே தவிர, மரத்தை இறுக்கவில்லை. மரப் புரொப்பல்லரை ஓட்டுவது பெரும்பாலும் அந்த அழுத்தத்தின் உராய்வுதான். இன்னும் இரண்டு சுற்று போயிருந்தால்? பறந்து வந்தது ஒரு பயிற்சி மாணவன். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மரம் சும்மா இருக்காது. ஐப்பசி மழையில் நம் செங்கல்பட்டு வீட்டுக் கதவு ஊதிக்கொள்வதும், சித்திரையில் தளர்வதும் உங்களுக்குத் தெரியும். புரொப்பல்லரும் அப்படித்தான். அதனால்தான் பருவம் மாறினால் போல்ட்டைச் சோதிக்கச் சொல்வார்கள்.

நம்மவர்களின் கைத்திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கிடைத்ததை வைத்துக் காரியம் முடிப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. கொல்லைப்புற மோட்டாருக்கு அது சரி, நின்றால் தண்ணீர் வராது, அவ்வளவுதான். ஆனால் மனிதனைச் சுமந்துகொண்டு சுழலும் எதிலும் 'அட்ஜஸ்ட்' கூடாது என்பது என் கட்சி. ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு எப்படி மாட்டுவது என்று சொல்லித்தருகிறோம். அந்த ஒற்றை எழுத்து ஏன் இருக்கிறது என்பதையும் சொல்லித்தர வேண்டும். படகுக்காரர்கள் இஞ்சினின் வகையையும் புரொப்பல்லர் எண்ணையும் படகின் உள்பக்கம் பெயின்டால் எழுதி வைத்தாலே பாதித் தவறு குறையும்.

தம்பியிடம், "இது நடுக்கடலில் கழன்றால் யார் போய் இழுத்து வருவது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்பாதான் போறார் ஐயா" என்றான். பிறகு, சுத்தியலைத் திருப்பிப் பிடித்துத் தட்டிக் கழற்றத் தொடங்கினான்.