எதிரொலித்தல் களவன்று

இந்தியப் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் சொல்லாட்சி ஆய்வுகளுக்கு விந்தையானதோர் ஒழுக்கம் உண்டு. ஆராயப்படும் ஆசிரியர் கொதிக்கலாம், எள்ளலாம், இடித்துரைக்கலாம். ஆராய்பவரின் வாக்கியம் மட்டும் எவ்விடத்தும் சூடேறலாகாது. ‘எடுத்துரைத்துள்ளமை புலனாகிறது’, ‘வெளிப்படுத்தியிருப்பதைக் காணமுடிகிறது’ என்று முடிந்தால் அது ஆய்வுநடை. ஆசிரியரின் தொனி சிறிதே ஒட்டிக்கொண்டாலும் ‘உணர்ச்சிவசப்பட்ட நடை’ என ஓரத்தில் குறிப்பு விழும். இதற்கு நடுநிலை என்று பெயரிட்டிருக்கிறார்கள். காதைப் பொத்திக்கொள்வதற்கு இத்தனை மதிப்பான பெயர் வேறெங்கும் கிடைக்காது.

அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ ஒன்றே போதும் இதை விளக்க. 1936இல் லாகூரில் ஜாத்-பாத் தோடக் மண்டல் நடத்தவிருந்த மாநாட்டுக்கென எழுதப்பட்ட தலைமையுரை அது. உரையைத் திருத்தும்படி அழைத்தவர்கள் வேண்ட, ஒரு காற்புள்ளியையும் மாற்ற அவர் இசையவில்லை. மாநாடு நடவாமற் போயிற்று, உரை நூலாயிற்று, முதற்பதிப்பின் 1500 படிகள் இரண்டு மாதத்தில் தீர்ந்தன. நிகழ்த்தப்படாத சொற்பொழிவுதான். ஆயினும் அதில் எதிரே ஓர் அவை அமர்ந்தே இருக்கிறது.

ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா ஊர்ச் செய்தி அந்நூலில் வருகிறது. தலயாத்திரை முடித்துத் திரும்பிய தீண்டப்படாதார் ஒருவர் தம்மவர்க்கு விருந்து வைத்தார். விருந்தில் நெய் இருந்தது. சாதி இந்துக்கள் நூற்றுக்கணக்கில் தடிகளுடன் வந்து உணவைப் பாழாக்கி, உண்டவர்களை அடித்தார்கள். இத்தகைய செய்திகளை அடுக்கியபின், அரசியல் உரிமை கோரும் இந்துக்களை நோக்கி, அதற்கு நீங்கள் தகுதியுடையவர்களா என்ற பொருளில் ஒன்றன்பின் ஒன்றாக வினவுகிறார் அம்பேத்கர். இவ்விடத்தை ‘வினாத்தொடர்கள் வழியாகச் சாதியக் கொடுமைகள் சுட்டப்பட்டுள்ளன’ என்று எழுதுபவர் பொய் சொல்லவில்லை, எதையுமே சொல்லவில்லை. ‘நெய் பரிமாறியது குற்றமாயிற்று. தடி தூக்கியவர்களோ ஆளும் உரிமை கேட்கும் சமூகத்தார். சாட்சியம் முடிந்தது, குறுக்கு விசாரணை தொடங்குகிறது’ என்று எழுதுபவர் அந்தப் பகுதி இயங்கும் விதத்தையே காட்டிவிடுகிறார். அம்பேத்கரின் சொல் எதுவும் அங்கே இல்லை. அவருடைய வழக்கறிஞர் நடை இருக்கிறது.

குரலை வாங்கிக்கொள்வது வேறு, கூச்சலிடுவது வேறு. அம்பேத்கரைப் பற்றி எழுதுகிறோம் என்ற நினைவிலேயே வரிக்கு மூன்று வியப்புக்குறி இடுவோரும் உளர். அவர்களும் கேட்கவில்லை. சக்வாராப் பகுதி செய்தியறிக்கையின் நிதானத்தில் நகர்கிறது. அந்நிதானமே அதன் கொடுமை. எதிரொலிக்கும் வாக்கியம் இப்படித் தவறும்போது தவறு எல்லார் கண்ணிலும் படுகிறது. சவலை நடையில் எழுதப்பட்ட தவறான வாசிப்போ எவர் கண்ணிலும் படாமல் பட்டம் பெற்றுவிடுகிறது.

மொழியியலுக்கு இது புதிதன்று. பிறர் கூற்று, எடுத்துரைப்பவரின் கூற்றோடு கலவாமல் வேலியிட்டு நிற்பதும் உண்டு, இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவுவதும் உண்டு என 1929இலேயே வொலோஷினோவ் வகைப்படுத்திவிட்டார். வேலியை மட்டுமே அறிவியல் என்று கற்பிப்பவர்கள் பாதிப் பாடத்தை மறைக்கிறார்கள். களவு என்று அஞ்சுவோருக்கும் ஒன்று சொல்லவேண்டும்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் பத்து விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை விதிப்பதில்லை, அந்த ஒற்றுமையை அளக்கும் மென்பொருள் எண்ணுவது சொற்களை. தொனியை எண்ணும் கருவி வாசகரின் காது மட்டுமே.

ஆய்வாளரின் சொந்தக் குரல் எங்கே என்பார்கள். எதிரொலி நிற்கும் இடத்தில்தான் அது பிறக்கிறது. இந்தச் சினத்துக்குள் இவ்வளவு தூரம் வரமுடிகிறது, இதற்குமேல் இயலவில்லை என்று உணர்பவருக்கே தம் மாறுபாடு எதுவென்று தெரியும். தொடக்கத்திலிருந்தே வாசலில் நின்றவருக்கு மாறுபட என்ன இருக்கிறது?

1936 ஜூலையில் ‘ஹரிஜன்’ இதழில் எதிர்வினை எழுதிய காந்தி, நூலின் எட்டணா விலையையும் விடவில்லை. இரண்டணா, மிஞ்சினால் நாலணா போதும் என்றார். 1937 பதிப்பில் அம்பேத்கர் விடையளித்தார். தாம் வாதிட்டவற்றை எண்ணிட்டு வரிசைப்படுத்தி, எதிர்வினை அவற்றைத் தொடவே இல்லை என்று காட்டும் அவ்விடை நெடுகிலும் ‘மகாத்மா’ என்றே அவரைக் குறிக்கிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் அம்மரியாதைச் சொல்லின் எடை மாறிக்கொண்டே போகிறது. ஆய்வேடுகளில் அது ‘காந்தியடிகள்’ என்று சீராக்கப்பட்டு, அடிக்குறிப்பில் பக்க எண்ணுடன் அடங்கிவிடுகிறது.