வெளியீட்டுக்கும் ஒரு நாள் வேண்டும்

மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படும் என்று தெரிந்தால், தஞ்சை உழவர் அதற்கு முன்பே வயலைப் பண்படுத்தி, விதை நெல்லையும் தேடி வைத்துவிடுவார். 2024இல் நடந்ததுபோல் திறப்பு ஜூலை 28க்குத் தள்ளிப்போனால் குறுவையின் கதி என்ன என்பதை, டெல்டாவிலிருந்து மைசூருக்குப் படிக்க வந்திருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாள் தெரிந்தால்தான் வேலை நடக்கும். நம் விடுதி அறைகளிலுள்ள கணினிகளுக்கும் இதே நியாயம் பொருந்தும் என்பது என் கருத்து.

நம்மில் பலர் பழைய மடிக்கணினியில் லினக்ஸை ஏற்றிக் காலம் தள்ளுகிறவர்கள். திரையில் எழுத்தும் படமும் தோன்ற வேண்டுமானால், இயங்குதளம் சொல்வதை வரைகலைச் சில்லுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல ஒரு நிரல் வேண்டும். அதுவே கிராபிக்ஸ் டிரைவர். அதில் ஒரு பிழை இருந்தால் திரை மினுங்கும். சில வேளைகளில் இருண்டே போகும். திருத்தம் எழுதப்பட்டுவிட்டது என்பார்கள். ஆனால் அது எந்தப் பதிப்பில், எந்த மாதத்தில் நம் கைக்கு வரும்?

லினக்ஸ் திரைகளை நெடுங்காலமாகத் தாங்கிவரும் எக்ஸ்.ஆர்க் சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 1.20 பதிப்பு 2018 மே மாதம் வந்தது. அடுத்த பெரும் பதிப்பான 21.1 வந்ததோ 2021 அக்டோபரில்! ஒரு மாணவர் பட்டப்படிப்பில் சேர்ந்து, தேறி, வெளியேறிவிடும் காலம் அது. அந்தச் சர்வருக்கான இன்டெல் டிரைவரின் கதை இன்னும் விந்தை. 2014 டிசம்பரில் 2.99.917 என்ற முன்னோட்டப் பதிப்பு வந்தது; 3.0 வரவே இல்லை. வேலை நின்றுவிடவில்லை, நிரல் தொடர்ந்து திருத்தப்பட்டது. ஆகவே லினக்ஸ் வழங்குவோர் ஆளுக்கொரு நாளைய நிரலை அள்ளிக்கொண்டார்கள். இருவர் கணினியில் ஒரே எண். உள்ளே இருப்பதோ வெவ்வேறு! பிழையை எப்படித் தேடுவது?

டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வருகிறது. அதற்குச் சில மாதங்கள் முன்பே புதுச் சரக்குக்குக் கதவடைத்துவிடுகிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அந்த டெபியனின் மேல் கட்டப்பட்டதே. கதவடைப்புக்குள் வராத டிரைவருக்காகப் பெரும்பாலோர் மேலும் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதுதான்.

“தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?” என்று கேட்பீர்கள். தன்னார்வலரின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் இந்த டிரைவர்களை எழுதுவோரில் பலர் இன்டெல், ஏஎம்டி போன்ற நிறுவனங்களில் ஊதியம் பெறுபவர்கள். மேலும், நான் கேட்பது கூடுதல் உழைப்பு அன்று, குறித்த நாள். மைசூரிலிருந்து சென்னைக்குப் போகும் காவேரி எக்ஸ்பிரஸ், வராத பயணிக்காக நிற்பதில்லை. தவறவிட்டவர் அடுத்த வண்டியில் ஏறுகிறார். லினக்ஸ் கருநிரல் இம்முறையில்தான் ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒரு முறை வெளிவருகிறது. வரைகலைத் துறையிலேயே மேசா என்னும் திட்டம் ஆண்டுக்கு நான்கு பதிப்புகள் என்று வகுத்துக்கொண்டு, இடையிடையே இரு வாரத்துக்கு ஒரு முறை திருத்தப் பதிப்பும் தருகிறது. சிற்சில வாரங்கள் பிந்துவதும் உண்டு. ஆனால் அட்டவணை இருப்பதால், பிந்தியது என்றாவது சொல்ல முடிகிறது!

நாள் குறித்தால் மட்டும் போதுமா? அந்த நாளைக் காக்க ஆள் வேண்டும். 21.1 பதிப்புகூட, வெளியிடும் பொறுப்பை ஒருவர் முன்வந்து ஏற்ற பிறகே வந்தது. பதிப்பைத் தாமதப்படுத்தும் பிழைகளுள் பல, எழுதியவரிடம் இல்லாத பழைய கணினிகளில்தான் தலைகாட்டுகின்றன. அத்தகைய கணினிகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லையே!

மன்றத்து நண்பர்களே, மேசா ஒவ்வொரு பதிப்புக்கும் முன் வாரந்தோறும் முன்னோட்டங்களை வெளியிடுகிறது. ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றிக்கொண்டால், கணினியின் வன்தட்டைத் தொடாமலே அவற்றைச் சோதிக்கலாம். எந்தச் சில்லு, எந்தப் பதிப்பு, என்ன கோளாறு என்று தெளிவாக எழுதியனுப்பலாம். நாள் தவறாமல் வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்த உரிமையை உழைத்துப் பெறுவோம்.